பொய் மாட்டுக்குள் ஒரு காமிரா

இங்கிலாந்து தேசத்தில் ஒரு புல்வெளி. அங்கே ஒரு மாடு நிற்கிறது. வெகு நேரமாக நின்ற இடத்திலேயே நிற்கிறது. புல்லைக் கடிக்கவில்லை. வாலை ஆட்டவில்லை. ஈ வந்து உட்கார்ந்தாலும் காதை அசைக்கவில்லை.

மாட்டுக்குச் சில அடி தூரத்தில், புல்லுக்கு நடுவே ஒரு சின்னஞ்சிறு பறவைக்கூடு. தாய்ப்பறவை அலகில் புழுவைக் கவ்விக்கொண்டு வருகிறது. மாட்டைப் பார்க்கிறது. மாடுதானே, அது என்ன செய்துவிடப் போகிறது! பயம் இல்லாமல் கூட்டில் இறங்குகிறது. குஞ்சுகள் வாயைப் பிளக்கின்றன. தாய் இரை ஊட்டுகிறது.

அந்த நேரத்தில், மாட்டின் மார்புப் பக்கத்தில் இருந்து கிளிக் என்று ஒரு மெல்லிய சத்தம் கேட்கிறது.

அது நிஜ மாடு அல்ல. மாட்டுத் தோல் போர்த்திய கூண்டு. அதற்குள்ளே ஒரு மனிதர் முதுகை வளைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிறார். அவர் கையில் காமிரா இருக்கிறது!

1900-ம் ஆண்டில் இப்படி ஒரு பொய் மாட்டைச் செய்து, பறவைகளைப் படம் பிடித்தவர்தான் செர்ரி கியர்ட்டன். அந்த வேலையில் அவருக்குத் துணையாக நின்றவர் அவருடைய அண்ணன் ரிச்சர்டு கியர்ட்டன்.

இன்று சட்டைப் பைக்குள் அடங்கும் காமிரா வந்துவிட்டது. தூரத்துப் பறவைக்கு ஒரு லென்ஸ், பூவில் உட்காரும் வண்டுக்கு ஒரு லென்ஸ் என்று மாற்றி மாற்றிப் பொருத்திக்கொள்ளலாம். செல்போனை நீட்டினால் போதும், செடியும் கொடியும் பட்டாம்பூச்சியும் படமாகிவிடுகின்றன. இந்த வசதிகள் எதுவும் இல்லாத காலத்தில், காட்டு உயிர்களைக் கொல்லாமல் படம் பிடிக்க முடியும் என்று உலகத்துக்குக் காட்டியவர்கள் இந்தச் சகோதரர்கள்.

ஆடு வளர்த்த குடும்பம்

இங்கிலாந்தின் வடக்கே யார்க்‌ஷயர் என்ற மாவட்டம் இருக்கிறது. அங்கே சுவேல்டேல் என்ற மலைப் பள்ளத்தாக்கு. அதில் துவெயிட் என்று ஒரு குக்கிராமம். கல் வீடுகள், கல் வேலிகள், மலைச்சரிவில் மேயும் ஆடுகள். இவைதான் அந்த ஊரின் செல்வம்.

அந்த ஊரில் ஆடு வளர்த்துப் பிழைத்தது கியர்ட்டன் குடும்பம். 1862-ம் ஆண்டு ஜனவரி 2-ந் தேதி ரிச்சர்டு பிறந்தான். ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1871-ம் ஆண்டு ஜூலை 8-ந் தேதி செர்ரி பிறந்தான். பக்கத்து ஊரான மூக்கரில் இருந்த பள்ளிக்கூடத்தில் அவர்கள் படித்தார்கள். ஆனால் பெரிய பள்ளிக்கூடம் மலையும் காடும்தான். எந்தப் பறவை எந்த மாதத்தில் வரும், எந்தப் புதரில் கூடு கட்டும், முட்டை என்ன நிறம் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம்.

ரிச்சர்டு சிறுவனாக இருந்தபோது ஒரு பெரிய விபத்து நடந்தது. பறவைக்கூட்டைத் தேடி மரத்தில் ஏறிய அவன் தவறிக் கீழே விழுந்தான். இடுப்பு மூட்டு விலகிவிட்டது. அது சரியாகக் கூடவில்லை. ஒரு கால் குட்டையாகிப் போயிற்று. அன்று முதல் வாழ்நாள் முழுவதும் அவன் நொண்டித்தான் நடந்தான்.

மலைநாட்டில் ஆடு மேய்ப்பவனுக்குக் கால்தான் முதல். அந்த முதலே போய்விட்டது. வேறு பையனாக இருந்தால் பறவைகளைக் கண்டாலே வெறுத்திருப்பான். ரிச்சர்டு அப்படி இல்லை. அவன் ஓடுவதை விட்டான். பறவைகளின் குரலைக் கேட்பதை விடவில்லை. கேட்டுக் கேட்டு, அவற்றைப் போலவே கூவவும் பழகிக்கொண்டான்.

குரல் தேடித் தந்த வேலை

யார்க்‌ஷயர் மலைகளில் க்ரௌஸ் என்ற பறவை உண்டு. பார்க்கக் கவுதாரி போல இருக்கும். ஒவ்வொரு ஆண்டும் ஆகஸ்டு 12-ந் தேதி அதைச் சுடும் வேட்டைக் காலம் தொடங்கும். பட்டணத்துப் பெரிய மனிதர்கள் துப்பாக்கியோடு வந்து இறங்குவார்கள்.

1882-ம் ஆண்டு வேட்டைக் காலத்தில் லண்டனில் இருந்து ஒருவர் வந்தார். அவர் காஸ்ஸல் என்ற பெரிய புத்தகக் கம்பெனியைச் சேர்ந்தவர். அவருக்குத் துணையாகப் போன ரிச்சர்டு, க்ரௌஸ் பறவையைப் போலவே கூவினான். பறவைகள் ஏமாந்து பக்கத்தில் வந்தன. வந்தவர் அசந்து போனார். பேசிப் பார்த்தார். பையனுக்குக் கால்தான் ஊனம், அறிவு ஊனம் அல்ல என்பது அவருக்குப் புரிந்தது. லண்டனில் தம் கம்பெனியிலேயே வேலை தருவதாகச் சொன்னார்.

இருபது வயதில் ரிச்சர்டு லண்டன் போய்ச் சேர்ந்தான். பிறகு தந்தை காலமானார். தம்பி செர்ரியும் ஊரை விட்டு லண்டனுக்கு வந்து, அண்ணன் வேலை பார்த்த அதே கம்பெனியில் சேர்ந்தான்.

மேஜை, நாற்காலி, காகிதக் கட்டு. இதுதான் இப்போது அவர்கள் உலகம். ஆனால் மனம் மட்டும் பழைய மலையிலேயே இருந்தது. ஓய்வு கிடைத்தால் போதும், அண்ணனும் தம்பியும் பட்டணத்தைத் தாண்டி வயல்வெளிக்குப் போய்விடுவார்கள்.

சுட்டால்தான் தெரியுமா?

அந்தக் காலத்தில் பறவையைப் பற்றி ஆராய வேண்டுமானால் முதலில் அதைச் சுட வேண்டும். செத்த பறவையின் தோலை உரித்து, உள்ளே பஞ்சை அடைத்து, கண்ணாடிப் பெட்டியில் நிறுத்தி வைப்பார்கள். ஓவியர்கள் அதைப் பார்த்துத்தான் புத்தகங்களுக்குப் படம் வரைவார்கள். உயிரோடு இருக்கும் பறவை எப்படி நிற்கும், குஞ்சுக்கு எப்படி ஊட்டும் என்பது அந்தப் பஞ்சுப் பறவையைப் பார்த்தால் எப்படித் தெரியும்?

முட்டைகளின் கதியும் அப்படித்தான். தபால்தலை சேகரிப்பதைப் போலப் பறவை முட்டைகளைச் சேகரிப்பது பலருக்குப் பொழுதுபோக்காக இருந்தது. ஒரு முட்டை அலமாரிக்குப் போனால், ஓர் உயிர் குறைந்தது என்று அர்த்தம்.

கியர்ட்டன் சகோதரர்கள் தேடியது வேறு வழி. பறவையும் பிழைக்க வேண்டும், அதன் வாழ்க்கையும் மனிதனுக்குத் தெரிய வேண்டும். அந்த வழி ஒரு நாள் தற்செயலாகக் கிடைத்தது.

முதல் படம்

1892-ம் ஆண்டு ஏப்ரல் மாதம். இருவரும் லண்டனுக்கு வடக்கே வயல் பக்கம் நடந்து கொண்டிருந்தார்கள். செர்ரியிடம் ஒரு மலிவான காமிரா இருந்தது.

ஒரு புதரில் த்ரஷ் என்ற பாடும் பறவையின் கூட்டை ரிச்சர்டு கண்டுபிடித்தார். அந்தப் பறவை கூட்டின் உட்புறத்தைச் சேற்றால் மெழுகிக் கிண்ணம் போல வழவழப்பாக்கும். அதில் நீல நிற முட்டைகளை இடும். முட்டைகளின் மேல் கறுப்புப் புள்ளிகள் இருக்கும். கூட்டை எடுக்கவில்லை. முட்டையைத் தொடவில்லை. செர்ரி காமிராவை நிறுத்திப் படம் எடுத்தார்.

படம் கழுவி வந்ததும் ரிச்சர்டு அதைப் பார்த்தார். சுள்ளி சுள்ளியாக, புள்ளி புள்ளியாக எல்லாம் அப்படியே விழுந்திருந்தது. எந்த ஓவியராலும் இவ்வளவு உண்மையாக வரைய முடியாது. முட்டையோடு கூடிய பறவைக்கூட்டை அது இருந்த இடத்திலேயே எடுத்த முதல் போட்டோ என்று இந்தப் படம் பெயர் பெற்றது.

நாட்டில் உள்ள பறவைக் கூடுகளை எல்லாம் இப்படிப் படம் பிடித்து ஒரு புத்தகம் போட்டால் என்ன? அண்ணன் எழுதுவது, தம்பி படம் எடுப்பது என்று முடிவாயிற்று.

அண்ணன் தோளில் தம்பி

சொல்வது எளிது. செய்வது கடினம். அந்தக் காலத்துக் காமிரா என்பது ஒரு மரப்பெட்டி. முன்னால் லென்ஸ். நடுவே, ஆர்மோனியத் துருத்தியைப் போல மடிப்பு மடிப்பான தோல். பின்னால் ஒரு மங்கல் கண்ணாடி. தலையில் கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு பார்த்தால், அந்தக் கண்ணாடியில் உருவம் தலைகீழாகத் தெரியும். துருத்தியை முன்னும் பின்னும் நகர்த்தித் தெளிவாக்க வேண்டும். பிறகு மருந்து பூசிய கண்ணாடித் தகடு ஒன்றைப் பின்னால் செருகிப் படம் எடுக்க வேண்டும். ஒரு தகட்டுக்கு ஒரு படம்தான். அடுத்த படத்துக்கு அடுத்த தகடு. பெட்டி, மூன்று கால் தாங்கி, கண்ணாடித் தகடுகள் எல்லாவற்றையும் முதுகில் சுமந்துகொண்டு மைல் கணக்கில் நடக்க வேண்டும். கல் தடுக்கி விழுந்தால் தகடுகள் உடைந்து, அன்றைய உழைப்பு அத்தனையும் வீண்.

தூரத்தில் இருப்பதை அருகே இழுத்துக் காட்டும் லென்ஸ் 1891-ம் ஆண்டில்தான் லண்டனிலும் ஜெர்மனியிலும் வெளிவந்திருந்தது. ஆனால் அதில் ஒரு சங்கடம் உண்டு. அந்த லென்ஸ் வழியாக உள்ளே வரும் வெளிச்சம் மிகவும் குறைவு. அதனால் படம் விழ அதிக நேரம் பிடிக்கும். அதற்குள் பறவை தலையைத் திருப்பினால் போதும், படம் கலங்கிவிடும். ஆகவே, நல்ல படம் வேண்டுமானால் பறவையின் பக்கத்தில் போயே தீர வேண்டும்.

போனார்கள். பனியிலும் மழையிலும் போனார்கள். சேற்றில் படுத்தார்கள். உயரமான புதரில் கூடு இருந்தால் காமிராத் தாங்கியின் கால்களை நீட்டி உயர்த்துவார்கள். அப்புறம் காமிராவுக்குப் பின்னால் மனிதன் எட்ட வேண்டுமே? ஊனக் கால் ரிச்சர்டு குனிந்து நிற்பார். தம்பி செர்ரி அவர் தோள் மேல் ஏறி நின்று படம் எடுப்பார். மரத்தில் இருந்து விழுந்து கால் போன அண்ணன், தம்பியை மரத்தின் உயரத்துக்குத் தூக்கிப் பிடித்தார்!

வேலை நேரம் போகக் கிடைத்த பொழுதை எல்லாம் இதற்கே செலவிட்டார்கள். 1895-ம் ஆண்டில் புத்தகம் வெளிவந்தது. பிரிட்டனின் பறவைக் கூடுகளைப் பற்றிய புத்தகம் அது. இயற்கையில் எடுத்த போட்டோக்களையே முழுவதும் படங்களாகக் கொண்ட முதல் இயற்கை நூல் அதுதான்.

கயிற்றில் தொங்கியவர்

அடுத்த ஆண்டு, அதாவது 1896-ல், இருவரும் செயின்ட் கில்டா தீவுக்குப் போனார்கள். ஸ்காட்லாந்துக்கு மேற்கே, அட்லாண்டிக் சமுத்திரத்தில் தனியாகக் கிடக்கும் தீவு அது. அங்கே எழுபது பேர் அளவில்தான் மக்கள் இருந்தார்கள். கடலை ஒட்டிச் சுவர் போலச் செங்குத்தான பாறைகள். உயரமான பாறை கடலுக்கு மேல் ஆயிரத்து நானூறு அடி. அதில் லட்சக் கணக்கான கடல் பறவைகள்.

தீவு மக்களுக்கு உணவே அந்தப் பறவைகள்தான். கயிற்றைக் கட்டிக்கொண்டு பாறையில் இறங்கிப் பறவைகளையும் முட்டைகளையும் எடுத்து வருவார்கள். சகோதரர்கள் அந்த மக்களின் வாழ்க்கையையும், பாறையில் வாழும் பறவைகளையும் படம் பிடித்தார்கள்.

பாறையில் இறங்குவது செர்ரிக்குப் புதிது அல்ல. இடுப்பில் ஒரு கயிறு, கையில் பிடிக்க ஒரு கயிறு, முதுகில் காமிரா. கீழே அலை மோதும். மேலே இருந்து சிறு கற்கள் உருண்டு வரும். ஒரு சாண் அகலத் திட்டில் கால் வைத்துக் கொண்டு படம் எடுக்க வேண்டும். மேலே கயிற்றைப் பிடித்திருப்பவர்கள் கையில்தான் உயிர்.

இந்தப் பயண அனுபவங்களோடு 1897-ம் ஆண்டில் அவர்களுடைய இரண்டாவது பெரிய புத்தகம் வந்தது. செயின்ட் கில்டா மக்கள் 1930-ம் ஆண்டில் தீவைக் காலி செய்துவிட்டு வெளியேறினார்கள். இன்று அங்கே அவர்களின் பாழ் வீடுகள் நிற்கின்றன. அந்த மக்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று காட்டும் சாட்சிகளில் கியர்ட்டன் சகோதரர்களின் படங்களும் சேர்ந்துவிட்டன.

மரம், பாறை, மாடு

கூட்டையும் முட்டையையும் படம் எடுப்பது ஒன்று. உயிருள்ள பறவையைப் படம் எடுப்பது வேறு. மனிதத் தலையைக் கண்டால் பறவை பறந்துவிடும். அப்படியானால் மனிதன் மனிதனாகத் தெரியக் கூடாது!

முதலில் ஒரு பொய் மரம் செய்தார்கள். சட்டம் கட்டி, துணி போர்த்தி, மரப்பட்டை போல வர்ணம் பூசி, அதன் மேல் கொடியைப் படர விட்டார்கள். உள்ளே ஒருவர் நிற்கலாம். பிறகு பொய்ப் பாறை செய்தார்கள். பொய் ஆடும் செய்தார்கள்.

ஆனால் வானம்பாடி போன்ற பறவைகள் வெட்டவெளியில், புல்தரையில் கூடு கட்டும். அங்கே திடீரென்று ஒரு மரம் முளைத்தால் பறவை நம்புமா? புல்வெளியில் இயல்பாக நிற்கக் கூடியது மாடுதானே? அதனால் 1900-ம் ஆண்டில் ஒரு மாட்டுத் தோலை வாங்கி, உள்ளே கூடாக, நான்கு காலில் நிற்கும்படி பொய் மாட்டைச் செய்ய வைத்தார்கள். மார்பில் ஓர் ஓட்டை. அந்த ஓட்டை வழியாக லென்ஸ் எட்டிப் பார்க்கும்.

மாட்டுக்குள் இருப்பது சுகமான வேலை அல்ல. நிமிர முடியாது. உட்கார முடியாது. வெயில் ஏறினால் தோலுக்குள் புழுக்கம் தாங்காது. பறவை வரும் வரை அசையவும் கூடாது.

ஒரு முறை உள்ளே இருந்தவருக்கு மயக்கம் வந்துவிட்டது. மாடு அப்படியே கவிழ்ந்தது. நான்கு கால்களும் ஆகாயத்தைப் பார்த்தன. உள்ளே சிக்கியவரால் வெளியே வர முடியவில்லை. கூடப் பிறந்தவர் திரும்பி வந்த பிறகுதான் விடுதலை கிடைத்தது. அந்த வேடிக்கையையும் அவர்கள் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டார்கள்!

ஊருக்கெல்லாம் காட்டினார்கள்

1898-ம் ஆண்டில் ரிச்சர்டு கம்பெனி வேலையை விட்டார். மாதச் சம்பளத்தை விட்டுவிட்டுப் பேனாவையும் பேச்சையும் நம்பி இறங்கினார். கண்ணாடியில் பதித்த படங்களை விளக்கின் ஒளியால் பெரிய திரையில் விழச் செய்து, ஊர் ஊராகப் போய்ச் சொற்பொழிவு செய்தார். பட்டணத்துத் தொழிலாளிகளும் குழந்தைகளும் கூட்டம் கூட்டமாக வந்து பார்த்தார்கள். கூட்டில் கண் விழிக்கும் குஞ்சை அவர்களில் பலர் அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தார்கள்.

தம்பி செர்ரி சும்மா இருக்கவில்லை. 1900-ம் ஆண்டில் அவர், காட்டில் சுதந்திரமாகப் பாடும் பறவைகளின் குரலை ஒலிப்பதிவு செய்தார். நைட்டிங்கேல், த்ரஷ் ஆகிய பறவைகளின் பாட்டு அது. இந்த விஷயத்திலும் அவரே முன்னோடி.

ஆப்பிரிக்காவில் ஒரு சந்திப்பு

பிறகு சினிமா வந்தது. நிற்கும் பறவையைப் படம் எடுத்த செர்ரிக்கு, பறக்கும் பறவையையும் ஓடும் மிருகத்தையும் படம் எடுக்க ஆசை பிறந்தது. 1909-ம் ஆண்டில் அவர் சினிமாக் காமிராவோடு கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போனார்.

அதே நேரத்தில் அங்கே இன்னொரு பிரபலமான மனிதரும் வந்திருந்தார். அமெரிக்காவின் ஜனாதிபதியாக இருந்து, அந்த ஆண்டுதான் பதவிக் காலத்தை முடித்த தியோடர் ரூஸ்வெல்ட். அவர் வந்தது வேட்டைக்கு. அமெரிக்கப் பொருட்காட்சி சாலைக்காக மிருகங்களைச் சுட்டுக் கொண்டு போக வந்தார். அவரும் அவருடைய மகனும் சுட்ட பெரிய மிருகங்கள் மட்டும் ஐந்நூறுக்கு மேல்.

ஒருவர் கையில் துப்பாக்கி. மற்றவர் கையில் காமிரா. செர்ரி, ரூஸ்வெல்ட்டின் பயணக் காட்சிகளைச் சினிமாவாக எடுத்தார். ரூஸ்வெல்ட் வேட்டைக்காரர்தான். ஆனாலும் காமிராவோடு மிருகத்தை நெருங்குகிறவனின் துணிச்சல் அவருக்குத் தெரிந்தது. பின்னால், 1913-ம் ஆண்டில், செர்ரி தம் உலகப் பயணங்களைப் பற்றிப் புத்தகம் எழுதியபோது அதற்கு முன்னுரை எழுதியவர் ரூஸ்வெல்ட்தான். அந்தப் பயணங்களில் நம் இந்தியாவும், போர்னியோ தீவின் காடுகளும் சேர்ந்திருந்தன.

காட்டில் சினிமா எடுப்பது எப்படி இருக்கும்? அப்போதைய சினிமாக் காமிராவைக் கையால் சுற்ற வேண்டும். ஒரே வேகத்தில் சுற்ற வேண்டும். கை நடுங்கினால் படமும் நடுங்கும். மாசாய் இன வீரர்கள் ஈட்டியால் சிங்கத்தை வேட்டையாடும் காட்சியை செர்ரி எடுத்தபோது, சிங்கம் உறுமிக் கொண்டிருக்க, அவர் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே இருந்தார். துப்பாக்கி பிடித்தவனுக்குக் குண்டு துணை. காமிரா பிடித்தவனுக்குப் பொறுமைதான் துணை.

அண்ணன் ரிச்சர்டு பெரும்பாலும் தாய்நாட்டுப் பறவைகளோடும் எழுத்தோடும் இருந்தார். தம்பியோ கடல் கடந்து போய்க்கொண்டே இருந்தார்.

யுத்தமும் பெங்குவின் தீவும்

1914-ம் ஆண்டில் முதல் உலக யுத்தம் மூண்டது. செர்ரி பெல்ஜியம் போய் யுத்தக் காட்சிகளைப் படம் பிடித்தார். பிறகு தாமே பட்டாளத்தில் சேர்ந்து கிழக்கு ஆப்பிரிக்காவில் போரிட்டார். எந்த மண்ணில் மிருகங்களைப் படம் பிடித்தாரோ, அதே மண்ணில் மனிதனை மனிதன் சுடுவதைக் கண்டார்.

யுத்தம் முடிந்ததும் மறுபடி காமிராவிடமே திரும்பினார். ஆப்பிரிக்காவில் இருந்து டோட்டோ என்ற சிம்பன்சிக் குரங்கைக் கொண்டு வந்து நண்பனைப் போல வளர்த்தார். அதன் கதையை 1925-ம் ஆண்டில் புத்தகமாக எழுதினார்.

1922-ம் ஆண்டில் அவர் தென்னாப்பிரிக்கப் பாடகி ஆடா பாரஸ்ட் அம்மையாரை இரண்டாவது மனைவியாக மணந்திருந்தார். கணவனும் மனைவியும் தென்னாப்பிரிக்கக் கரைக்கு அப்பால் உள்ள டாசன் தீவுக்குப் போய்த் தங்கினார்கள். அந்தத் தீவு முழுவதும் பெங்குவின்கள். கறுப்புக் கோட்டும் வெள்ளைச் சட்டையும் போட்ட குட்டி மனிதர்களைப் போல அவை தத்தித் தத்தி நடக்கும். ஜோடி ஜோடியாகக் குடித்தனம் நடத்தும். சண்டை போடும், சமாதானமாகும். அவற்றோடு பழகி, படம் எடுத்து, 1930-ம் ஆண்டில் செர்ரி ஒரு புத்தகம் வெளியிட்டார். சினிமாவாகவும் காட்டினார். குழந்தைகள் அந்தப் பெங்குவின்களைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

இன்று அந்தக் கதையைப் படித்தால் சிரிப்போடு வேதனையும் வருகிறது. அந்த ஆப்பிரிக்கப் பெங்குவின்கள் இப்போது அழிவின் விளிம்புக்கு வந்துவிட்டன. மீன் குறைந்ததும், கடலில் எண்ணெய் கலந்ததும், முன்பு முட்டைகளையும் எருவையும் மனிதர்கள் அள்ளிக்கொண்டு போனதும் அதற்குக் காரணங்கள். 2024-ம் ஆண்டில் உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம், மிக மோசமான ஆபத்தில் உள்ள உயிர்களின் பட்டியலில் அவற்றைச் சேர்த்தது.

கடைசிக் கதை

1928-ம் ஆண்டு பிப்ரவரி 8-ந் தேதி அண்ணன் ரிச்சர்டு காலமானார். அப்போது அவருக்கு வயது 66. எந்தத் தோள் மேல் ஏறி நின்று செர்ரி உலகைப் பார்த்தாரோ, அந்தத் தோள் சாய்ந்தது.

செர்ரி மேலும் பன்னிரண்டு ஆண்டுகள் வாழ்ந்தார். புத்தகம் எழுதினார். பிரிட்டிஷ் ரேடியோவில் குழந்தைகள் நிகழ்ச்சியில் மிருகக் கதைகள் சொன்னார்.

1940-ம் ஆண்டு செப்டம்பர் மாதம். இரண்டாவது உலக யுத்தம் நடந்து கொண்டிருந்தது. ஜெர்மன் விமானங்கள் லண்டன் மீது நாள் தவறாமல் குண்டு வீசிக்கொண்டிருந்தன. வானத்தைப் பார்க்கவே குழந்தைகள் பயந்த நாட்கள் அவை. அந்த நேரத்திலும், 69 வயதான செர்ரி ரேடியோ நிலையத்துக்குப் போனார். செப்டம்பர் 27-ந் தேதி, குழந்தைகள் நிகழ்ச்சியை முடித்துக்கொண்டு கட்டடத்தை விட்டு வெளியே வந்தார். வாசலிலேயே விழுந்தார். உயிர் பிரிந்தது. வாழ்நாளின் கடைசி வேலையாக அவர் செய்தது, குழந்தைகளுக்காக ரேடியோவில் பேசியதுதான்.

விட்டுப் போன சொத்து

மூக்கர் கிராமத்தில் அவர்கள் படித்த பழைய பள்ளிக்கூடத்தின் சுவரில் இரண்டு கல்வெட்டுகள் இருக்கின்றன. ஒன்று அண்ணனுக்கு, ஒன்று தம்பிக்கு. லண்டனில் உள்ள ராயல் பூகோளச் சங்கம், இயற்கையைப் படம் பிடிப்பவர்களுக்குச் செர்ரி கியர்ட்டன் பெயரால் பதக்கம் ஏற்படுத்தியது. டெலிவிஷனில் காட்டு உயிர்களைக் காட்டி உலகப் புகழ் பெற்ற டேவிட் அட்டன்பரோ, சிறு வயதில் செர்ரி கியர்ட்டனால் கவரப்பட்டவர்.

கியர்ட்டன் சகோதரர்களுக்குப் பின்னால் காமிரா சிறியதாயிற்று. லென்சுகள் பெருகின. கூடவே ஓர் ஆபத்தும் வந்தது. எல்லோர் கையிலும் காமிரா இருப்பதால், எல்லோரும் கூட்டை நெருங்குகிறார்கள். மனிதர் அடிக்கடி வந்தால் தாய்ப்பறவை கூட்டையே விட்டுப் போய்விடும். முட்டை குளிர்ந்துவிடும். விலக்கிய கிளை வழியாகக் காக்கை கூட்டைக் கண்டுகொள்ளும். அதனால்தான் பிரிட்டனில் அபூர்வமான சில பறவைகளின் கூட்டருகே போய்ப் படம் எடுப்பதற்கு அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும் என்று 1981-ம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. பறவை ஆர்வலர்கள் பலர் கூட்டைப் படம் எடுப்பதையே இன்று வேண்டாம் என்கிறார்கள்.

அன்று நெருங்கிப் போகாமல் படம் இல்லை. இன்று நல்ல லென்ஸ் இருக்கிறது, எட்ட நின்றே எடுக்கலாம். கருவி மாறினாலும் உயிர் அதேதான். நல்ல படமா, பறவையின் நிம்மதியா என்று கேள்வி வந்தால், பறவையின் பக்கம்தான் நிற்க வேண்டும்.

ஆடு வளர்த்தவர் வீட்டுப் பிள்ளைகள். ஒருவருக்குக் கால் ஊனம். கையில் மலிவான ஒரு காமிரா. அதைக் கொண்டே, சுட்டால்தான் பறவையை அறிய முடியும் என்ற உலகத்தின் எண்ணத்தை மாற்றினார்கள். அவர்களிடம் இருந்த பெரிய கருவி மரப்பெட்டிக்குள் இல்லை. மாட்டுத் தோலுக்குள் மணிக் கணக்கில் மூச்சடக்கி நின்ற பொறுமையில் இருந்தது.